ஆயிரத்து நானூற்று முப்பத்து மூன்றாவது நாள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் கூடவே தங்கியிருக்கிறது. உன் காது எப்படி? டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விடுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? போனில் பேசினால் நீ 'என்னது, என்னது' என்று கத்துவதில் பாதி நேரம் போகிறது. அதனால்தான் கடிதம். எனக்கும் இதுவே பிடித்திருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். ராட்டினத்துக்கு எண்ணெய் போடும் வேலையும் உண்டு, அதோடு இதுவும். பூங்காவின் வாசலில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. 'ஒரு விபத்துகூட இல்லாமல் இத்தனை நாட்கள்' என்று எழுதி, கீழே நான்கு கொக்கி. ஒவ்வொரு நாளும் காலையில் கதவு திறக்கும் முன் ஏணி வைத்து ஏறி எண் தகட்டை மாற்ற வேண்டும். இன்று 1,402 மாட்டினேன்.

எங்கள் பூங்காவில் எல்லாமே உலகிலேயே முதல்தான், அது உனக்குத் தெரியும். உலகிலேயே அதிக வளைவுள்ள ரயில் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், ஷெட்டுக்குள் திரும்பி நிற்பதையும் வளைவில் சேர்த்திருக்கிறார்கள். உலகிலேயே உயரமான ராட்டினம் என்று போட்டோம். வேறெங்கோ அதைவிட உயரமாக ஒன்று வந்துவிட்டது. மறுவாரமே நம் ராட்டினத்தின் உச்சியில் ஒரு கொடிக்கம்பம் நட்டார்கள். மேனேஜரிடம் ஒருவர் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். "ரெண்டாவது உயரமான ராட்டினத்தைப் பாக்க எவன்யா டிக்கெட் எடுப்பான்?" என்றார்.

ஆனால் இந்தப் பலகை ஒன்றுதான் பொய் இல்லை. வருகிறவர்களுக்கும் சரி, வேலை செய்கிறவர்களுக்கும் சரி, நாலு வருஷமாக ஒரு விபத்தும் இல்லை. வெளிநாட்டில் ஒரு பூங்கா 1,499 நாளில் நின்றுவிட்டதாம். ஏப்ரல் பதினேழாம் தேதி 1,500 ஆனால் உலக சாதனை. சான்றிதழோடு ஆட்கள் வருகிறார்கள்.

இங்கே தினம் ஐயாயிரம் முகம் பார்க்கிறேன். என்னிடம் பேசுகிறவர்கள் 'கழிப்பறை எங்கே' என்று கேட்கிறவர்கள் மட்டும்தான். அறையில் கூட இருக்கிறவர் கரடி வேஷம் போடுகிறவர். எல்லோரும் அவரைக் கரடி என்றே கூப்பிடுகிறார்கள். நல்ல மனிதர், ஆனால் நாள் முழுக்க பேசாமல் இருந்து பழகி, அறையிலும் பேச்சு குறைவு. பஸ்ஸில் படியில் நின்று தொங்காதே. வயதாகிறது உனக்கு.

உன் தம்பி


ஜனவரி 20

என் செல்லத் தம்பிக்கு,

யாருக்குடா வயதாகிறது? நேற்றுகூட ஓடுகிற வண்டியில் ஏறப் பார்த்த ஒரு தடியனைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். அவனே கேட்டான், "கண்டக்டர் அக்கா, நீங்க முன்னாடி போலீஸா?" என்று. காது அப்படியே இருக்கிறது. எஞ்சினுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்ற காது வேறெப்படி இருக்கும்? சொட்டு மருந்து விடுகிறேன், சத்தியமாக.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஏன் தெரியுமா? அந்த விளம்பரம் என் பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருக்கிறது! உன் பலகையின் படம், அதே நாலு எண். திங்கள்கிழமை தோறும் டிப்போவுக்கு ஒருவர் வந்து புது எண் ஒட்டிவிட்டுப் போகிறார். அது என் தம்பி கையால் மாட்டுகிற எண் என்று தெரிந்தபின் விடுவேனா? ஏறுகிற ஆளிடமெல்லாம் சொல்கிறேன். "பின்னாடி பாத்தீங்களா? அது என் தம்பி போடுற நம்பர்." டிரைவர் சொல்கிறார், "உன் தம்பி நம்பர் ஏறுது, நம்ம வண்டிதான் மேட்டுல ஏற மாட்டேங்குது."

இப்போது என் வழியில் போய்வருகிறவர்கள் எண் கேட்டுத்தான் டிக்கெட்டே வாங்குகிறார்கள். மூக்குக்கண்ணாடி டீச்சர் இருக்கிறாரே, அவர் தன் வகுப்பில் அதை வைத்துக் கூட்டல் கணக்கு போட வைக்கிறாராம். டிப்போ அதிகாரி, ஆயிரத்து ஐந்நூறு ஆனதும் உனக்கு ஒரு மாலை போட வேண்டும் என்றார். எனக்கு யாரும் இதுவரை மாலை போட்டதில்லை. உனக்குப் போட்டால் எனக்குப் போட்ட மாதிரிதான்.

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. இன்னும் இரண்டு டம்ளரில் காபி ஊற்றிவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து இரண்டையும் நானே குடிக்கிறேன். அதனால்தான் தூக்கம் வருவதில்லையோ என்னவோ. பத்திரமாக ஏணி ஏறு. உன் எண்ணுக்கு நான்தான் காவல், தெரிந்துகொள்.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. நான் சொல்லச் சொல்ல கரடியார் எழுதுகிறார். எப்படி முத்து முத்தாக இருக்கிறது பார்! எனக்கு வேலை கொஞ்சம் அதிகம், அதோடு வலது கையில் லேசான சுளுக்கு. ஒன்றும் பயப்பட வேண்டாம். ஏணியைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது.

நான் சுகமாக இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறேன். இன்று 1,440. டீச்சரிடம் சொல்.

மேனேஜர் என்மேல் பிரியமாக இருக்கிறார். சாதனை முடிந்ததும் என்னைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஏணியும் கிடையாது, எண்ணெயும் கிடையாது, நாற்காலிதான். நீ பஸ் முழுக்கச் சொன்னதை அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


பிப்ரவரி 18

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பின் தெரியாத ஒருவன் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நான்தான் கரடி. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமா என்று கேட்கத்தான் நினைத்தேன், வீட்டில் நீங்கள் ஒருவர்தான் என்று உங்கள் தம்பி சொல்லியிருக்கிறான்.

முந்தாநாள் நான் எழுதிய கடிதத்தில் இருப்பது அவன் சொன்னது. இது நான் சொல்வது. அவன் கையில் இருப்பது சுளுக்கு இல்லை.

ஒன்பதாம் தேதி காலையில், கதவு திறக்கும் முன், சங்கிலி ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மேலே இருப்பது தெரியாமல் யாரோ சோதனை ஓட்டத்துக்குப் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். வலது கை சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய்விட்டது. முதலுதவி அறையிலேயே தையல் போட்டார்கள், வெளியே கொண்டுபோகவில்லை. நாலு விரலிலும் தையல், இரண்டு விரல் மடங்கவே இல்லை.

போன ஞாயிறு யாருக்கும் தெரியாமல் இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். விரலை மடக்கும் நரம்பு அறுந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து சேர்த்துவிடலாம் என்றார். "அடிபட்டு ஒரு மாசத்துக்குள்ள போயிடுங்க, அதுக்கு மேல போனா நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கே எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள். எழுதினால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். மேனேஜர் அவன் தோளில் கை போட்டுச் சொன்னார், "இன்னும் அறுபத்தேழு நாள் பல்லைக் கடிச்சுக்கப்பா. அப்புறம் நீதான் சூப்பர்வைசர்."

மறுநாள் காலை என்ன செய்தான் தெரியுமா? வலது கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி, இடது கையால் 1,434ஐ மாட்டினான். நான் கரடித் தலையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே ஏணியைப் பிடித்திருந்தேன். அவனை அடிக்கலாம் போல இருந்தது.

நான் எவ்வளவோ சொல்லிவிட்டேன். "எங்க அக்கா பஸ் பூரா சொல்லி வச்சிருக்காண்ணே. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்கிறான். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், எனக்கும் வேலை போய்விடும். நீங்கள் 'கைக்கு என்னடா' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், சொல்லிவிடுவான். உங்களிடம் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. மார்ச் ஒன்பது வரைதான் அவகாசம்.

இப்படிக்கு
கரடி


பிப்ரவரி 26

என் செல்லத் தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினம் எழுந்ததும் நினைக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கரடி அண்ணாவின் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் கோணல் எழுத்து இல்லாமல் எனக்குக் கடிதம் படித்த மாதிரியே இல்லை.

எங்கள் டிரைவரைப் பற்றிச் சொல்கிறேன் கேள். அவருக்கு முழங்கால் வலி. மூன்று மாதம் வீட்டில் சொல்லாமல் பிரேக் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். போன வாரம் அவர் மனைவி டிப்போவுக்கே வந்து, எல்லார் முன்னாலும், "என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். மனிதர் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. சொல்லியிருக்கலாம் அல்லவா?

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். யாரும் யாரையும் துருவிக் கேட்பதில்லை. நீ அப்பாவின் கடிகாரத்தைப் போட்டு உடைத்தபோது அம்மாவுக்கு அன்றே தெரியும். நான் உன்னைக் கேட்கப் போனேன். "அவனா சொல்லட்டும், நீ வாயைத் திறக்காதே" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூன்றாம் நாள் நீயே வந்து அவள் மடியில் விழுந்து சொன்னாய். அம்மா போன பிறகும் உன்னை அப்படித்தானே வளர்த்தேன்? இதுவரை நீயும் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

ஒரு நாலு நாள் லீவு கேட்டு வந்துவிட்டுப் போயேன். சும்மாதான். பார்க்க வேண்டும் போல இருக்கிறது. மார்ச் முதல் வாரம் வந்தால் எனக்கு வசதி.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், நீ சுகமா? டிரைவரின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அவரைக் கேட்டதாகச் சொல்.

லீவுக்கு இப்போது வழியே இல்லை. ஏப்ரல் பதினேழு வரை ஒருவரும் ஊருக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. வாசலில் மேடை போடுகிறார்கள், ராட்டினத்துக்குப் புது வர்ணம் அடிக்கிறார்கள். நேற்று முழுக்க எல்லோரும் வாழ்த்துக் கோஷம் போட ஒத்திகை பார்த்தோம். நான் பின்வரிசை. சுளுக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை, அதனால் கை தட்டவில்லை, கத்தினேன்.

உனக்கு இன்னொரு விஷயம் வைத்திருக்கிறேன். நீ கண்டக்டர், உன் பஸ்ஸில் நம் விளம்பரம் என்றதும் மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "இதைவிட நல்ல விளம்பரம் வேணுமாடா?" என்றார். உன்னைப் படம் பிடிக்க டிப்போவுக்கு ஆள் அனுப்புகிறார். 'தம்பி மாட்டுகிறார், அக்கா ஓட்டுகிறார்' என்று போடப் போகிறார்களாம். நீ ஓட்டவில்லை, டிக்கெட்தான் கிழிக்கிறாய் என்று சொன்னேன். அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். புது யூனிஃபார்ம் போட்டுக்கொள். சிரித்த முகமாக நில். உன் சிரிப்பு அம்மா மாதிரியே இருக்கும், ஊரெல்லாம் பார்க்கட்டும்.

உனக்கு இப்படி ஒன்று செய்ய முடிந்ததே என்று எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. மற்றதெல்லாம் பெரிய விஷயம் இல்லை.

உன் தம்பி

(கடிதத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில்) உறையை ஒட்டும் முன் அவனுக்குத் தெரியாமல் இதைச் சேர்க்கிறேன். நாளையோடு டாக்டர் சொன்ன மாதம் முடிகிறது. நீங்கள் இன்னும் கேட்கவில்லையே?


மார்ச் 14

கரடி அண்ணாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உடன்பிறக்காத உங்களுக்கு இருக்கிற பதைப்பு எனக்கு இல்லையே என்று நீங்கள் நினைப்பது எழுத்திலேயே தெரிகிறது. நினையுங்கள், எனக்கு அது தேவைதான்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று டியூட்டிக்குப் போகவில்லை. அவனுக்கு இரண்டு கடிதம் எழுதி, இரண்டையும் கிழித்தேன். மூன்றாவதாக எழுதியதில் டிரைவரின் முழங்காலைச் சொன்னேன், கடிகாரத்தைச் சொன்னேன், மார்ச் முதல் வாரம் வா என்றேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அவனாகச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். இன்று சொல்லுவான், நாளை சொல்லுவான் என்று ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதற்குள் நாள் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் தேதி படம் எடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். டிப்போவே திரண்டு நின்றது. டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார். டிரைவர், தான் ஓட்டுகிற வண்டியை நான் ஓட்டுவதாகப் போடுகிறார்கள் என்று மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், அவரே வந்து என் காலரைச் சரிசெய்துவிட்டார். பஸ்ஸின் பின்னால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். "சிரிங்கம்மா" என்றார்கள்.

சிரித்துவிட்டேன் அண்ணா. நன்றாகவே சிரித்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எந்த இரண்டு விரல்? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு
அவன் அக்கா


மார்ச் 22

அன்புள்ள சகோதரிக்கு,

மோதிர விரலும் சுண்டு விரலும்.

நான் படித்தவன் இல்லை, கையெழுத்து மட்டும்தான் நன்றாக வரும். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு விதி உண்டு, கரடி பேசக் கூடாது. பேசினால் குழந்தைகளுக்கு வேஷம் கலைந்துவிடுமாம். பதினோரு வருஷமாக வாயைத் திறக்காமல் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை உள்ளே மூச்சு முட்டி மயக்கம் வந்தது, அப்போதும் பேசவில்லை, கையைத்தான் ஆட்டினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே திருப்பி ஆட்டினார்கள். பேசாமல் இருப்பது என் பிழைப்பு. உங்களுக்கு அதில் என்ன வேலை?

அவன் ஒரு நோட்டு வாங்கி இடது கையால் எழுதிப் பழகுகிறான். உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம், சீக்கிரம் சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டுமாம். சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். சாப்பிடும்போது ஸ்பூன் விழுந்தால் யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்க்கிறான். வலி வந்தால் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நின்றுகொள்கிறான். திரும்பி வந்து, "முகம் கழுவினேன்" என்கிறான்.

மாதம் முடிந்துவிட்டதுதான். அதற்காகக் கை முடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கரடி


மார்ச் 27

தம்பி,

கைக்கு என்னடா ஆச்சு?

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

வலிக்குது.

இது என் இடது கை எழுத்து. கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. நான் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே, கரடியார் தினம் மாலை வேஷத்தைக் கழற்றிவிட்டு வந்துவிடுகிறார்.

உன் கடிதம் ஒன்றாம் தேதி வந்தது. வாசலில் வைத்துத்தான் பிரித்தேன். நலமா என்றுகூட இல்லை, ஒரே ஒரு வரி. நீ எதிரில் நின்று கேட்ட மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். டிக்கெட் வாங்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி சங்கிலி ராட்டினத்தில் கை மாட்டிக்கொண்டது அக்கா. அன்றைக்கு எண் 1,433. சுளுக்கு என்று உனக்குப் பொய் எழுதினேன். மறுநாள் எண்ணை நானே மாட்டினேன். எனக்கு எதுவும் நடக்கவில்லை என்று நானே ஏறிச் சொன்ன மாதிரி. 

உன் கடிதம் வந்த மறுநாள் காலை ஏணியில் ஏறவில்லை. மேனேஜரிடம் போய், "ஆஸ்பத்திரிக்குப் போறேன் சார்" என்றேன். "இன்னும் பதினஞ்சு நாள்டா! பதினஞ்சே நாள்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சரி போ. ஆனா ஊர்ல படியில விழுந்தேன்னு சொல்லு" என்றார். இங்கே வந்து, வேலை செய்யும்போது சங்கிலியில் மாட்டியது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பூங்காவிலிருந்து கிளம்பும்போது, பஸ் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன், நீச்சல் குளத்தில் காவல் இருக்கிறவர் என் ஏணியில் ஏறி 1,485 மாட்டிக்கொண்டிருந்தார். நான் போனால் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது பாட்டுக்கு ஏறுகிறது.

இங்குள்ள டாக்டர் நல்ல மாதிரி. கையைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாப்பா?" என்றார். நரம்பு உள்ளே சுருங்கிப் போய்விட்டதாம். இரண்டு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், நடுவில் சில மாதம் இடைவெளி, ஆனாலும் முழுக்க மடங்கும் என்று எதிர்பார்க்காதே என்றார். சின்ன விரல்தானே, போனால் போகிறது.

நீ கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. நீ பிப்ரவரியிலேயே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், உன்னிடம் எனக்கு மறைக்க வராது. உனக்கு எப்படித் தெரிந்திருக்கும், பாவம். கரடியார் பக்கத்தில் இருந்து இதை எட்டிப் பார்த்தார். அந்த வரி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

பஸ்ஸில் எல்லோரிடமும் என்ன சொல்லப் போகிறாய் என்று நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. உன் தலையைக் குனிய வைத்துவிட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

எனக்குத் தெரியும்டா. பிப்ரவரியிலேயே தெரியும்.

யார் சொன்னது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன்னை விட்டு எழுந்து வெளியே போனாரே, அவரைக் கோபிக்காதே. சங்கிலி, தையல், ஒரு மாத அவகாசம், எல்லாம் எழுதியிருந்தார். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவான் என்றும் எழுதியிருந்தார். உன் கை பிழைக்கப் பதினைந்து நாளுக்குமேல் இருந்தது. நான் கேட்கவில்லை.

அம்மா பழக்கம், வீட்டுப் பழக்கம் என்று உனக்கும் எழுதினேன், அவருக்கும் எழுதினேன். அது பாதிதான். மீதியைச் சொல்கிறேன். நான் கேட்டால் நீ சொல்லுவாய், சொன்னால் பலகை பூஜ்யமாகும், ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்பான். உனக்கு நாற்காலி கிடைக்காது, நமக்கு மாலை கிடைக்காது. எனக்கு எண்ணும் வேண்டியிருந்தது, உன் கையும் வேண்டியிருந்தது. இரண்டும் எப்படியோ கிடைத்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். சின்ன விரல்தானே என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதாதே, என்னால் படிக்க முடியவில்லை.

நேற்று காலை பஸ்ஸில் சொல்லிவிட்டேன். முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரை, ஏறினவர்களிடமெல்லாம். "பின்னாடி இருக்கிற நம்பர் பொய். என் தம்பி கை போயிடுச்சு." சிலர் உச் கொட்டினார்கள், சிலர் டிக்கெட்டைக் கொடு என்றார்கள். டீச்சர் மட்டும் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருக்கிற என் படத்தைக் கிழிக்கும்படி டிப்போவில் சொன்னேன். ஒப்பந்தம் மாதக் கடைசி வரை இருக்கிறதாம், கை வைத்தால் என்மேல் நடவடிக்கையாம். என் சிரித்த முகம் இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் வண்டி முன்னால் போகிறது, நான் அதற்குள்ளேயே நிற்கிறேன், அதனால் எனக்குத் தெரிவதில்லை. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் தெரிகிறது.

மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். லீவு பதினாலாம் தேதிதான் தொடங்குகிறது, அன்று காலையே கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்றுதான் இன்றே போடுகிறேன். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வராது. நீயும் 'விடுக்கா, விடுக்கா' என்று என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். அது வேண்டாம்.

படுக்கைப் பக்கம் நான் வந்து நின்றதும் என்ன வேண்டுமானாலும் கேள். ஏன் கேட்கவில்லை என்று கேள். திட்டு. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தித் திட்டு, எனக்குக் காதும் மந்தம். பேசாமல் மட்டும் இருந்துவிடாதேடா.

அக்கா